'ஹொதன்' என்ற சோமாலியப் பெண் பெயர்: பொருளும் பின்னணியும்

முதலில் கேள்வியைச் சரியாக எடுத்து வைத்துக்கொள்கிறேன். உங்கள் மகளின் மூன்றாம் வகுப்பில் 'ஹோடன்' என்று ஒரு சோமாலியப் பிள்ளை புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். இருவரும் ஒரே வாரத்தில் ஒட்டிக்கொண்டார்கள். பெயருக்கு என்ன பொருள் என்று இணையத்தில் தேடினால் ஒரு தளம் "அரபுப் பெயர், நேர்வழி என்று பொருள்" என்கிறது, இன்னொரு தளம் "பணக்காரி" என்கிறது. வகுப்புப் பட்டியலில் பிள்ளையின் கடைசிப் பெயர் ஒன்று, தாயின் கடைசிப் பெயர் வேறு, தகப்பனுடையது இன்னும் வேறு. போதாக்குறைக்கு, மாலையில் கூட்டிப்போக வரும் தாய் அவளை 'ஹோயோ' என்று கூப்பிடுகிறார். எதுதான் அவள் பெயர், பிறந்தநாள் அழைப்பிதழில் எதை எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். பொருள் என்ன என்பது மட்டும் உங்கள் கேள்வி இல்லை என்று நினைக்கிறேன். அந்தக் குடும்பத்தை எந்த இடத்திலும் தப்பாகப் புரிந்துகொண்டுவிடக் கூடாது என்ற அக்கறை அதில் தெரிகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் மொழியியல் படித்தவன், அதிலும் ஒலியியல். பிறகு டொரொன்டோவின் மேற்குப் பக்கத்தில், சோமாலியர் நெருக்கமாக வாழும் டிக்சன் சாலைப் பகுதியில், புதிதாக வரும் குடும்பங்களின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும் மேசையில் பல வருடங்கள் உட்கார்ந்திருக்கிறேன். சோமாலி எனக்குக் கேட்டால் பாதிக்கு மேல் புரியும், சரளமாகப் பேச வராது. ஆகவே சொல்லின் பொருள், ஒலி, பெயர் வைக்கும் முறை ஆகியவற்றில் நான் சொல்வதை நம்பலாம். ஒரு குறிப்பிட்ட வீட்டில் ஏன் அந்தப் பெயரைத் தேர்ந்தார்கள் என்பதை அந்த வீட்டார்தான் சொல்ல வேண்டும்.

நேராகச் சொன்னால், இது அரபுப் பெயர் இல்லை, சோமாலி மொழியின் சொந்தச் சொல். செல்வம் உள்ள, வளம் நிறைந்த என்று பொருள். செல்வ வளத்துக்கே அந்த மொழியில் 'ஹொதன்தினிமொ' என்றுதான் சொல்வார்கள். செய்தியில் ஒரு நாட்டைப் பற்றி 'மீன் வளத்தில் ஹொதன்', 'கனிமத்தில் ஹொதன்' என்றெல்லாம் வரும். ஆக, நீங்கள் பார்த்த இரண்டாவது தளம் சரி. ஆனாலும் 'பணக்காரி' என்ற மொழிபெயர்ப்பு எனக்கு உறுத்துகிறது. நம்மிடம் இதற்கு அச்சு அசலான பெயர் ஒன்று இருக்கிறது: செல்வி. பெண்ணுக்குச் செல்வி என்று பெயர் வைத்த எந்தத் தகப்பனும் வங்கிக் கணக்கை நினைத்து வைக்கவில்லை. குறைவில்லாமல் இருப்பாள், வீட்டுக்கு வளம் கொண்டுவந்தவள் என்ற எண்ணம்தான். ஹொதனும் அப்படியே. உங்கள் மகளுக்கு விளக்க வேண்டுமென்றால் "உன் தோழி பெயர் செல்வி மாதிரி" என்று சொல்லுங்கள், போதும்.

முதல் தளம் எங்கே சறுக்கியது என்பதும் தெரிகிறது. அரபியில் 'ஹுதன்' என்று ஒரு சொல் இருக்கிறது, நேர்வழி என்றுதான் பொருள். குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத் தொடக்கத்தில் 'ஹுதன் லில் முத்தகீன்' என்று வரும். ஓதிப் பழகிய தமிழ் முஸ்லிம்களுக்கு அந்த வரி மனப்பாடம். ஹுதா என்ற பெண் பெயர் அந்தச் சொல்தான். ஹுதன், ஹொதன் இரண்டும் காதுக்கு ஒன்றுபோல் கேட்பதாலும், சோமாலியர்கள் அநேகமாக எல்லோருமே முஸ்லிம்கள் என்பதாலும், யாரோ ஒருவர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். அப்புறம் ஒரு பெயர்ப் பட்டியலைப் பார்த்து இன்னொன்று எழுதுவதுதான் இணையத்தில் வழக்கம். சோமாலி, குஷிட்டிக் என்ற மொழிக் கூட்டத்தைச் சேர்ந்தது. எத்தியோப்பியாவில் பேசும் ஒரோமோவும் அஃபாரும் அதற்கு நெருங்கிய உறவு. அரபியோடு உறவு உண்டு, ஆனால் பல தலைமுறை தள்ளிய தூரத்து உறவு. இஸ்லாத்தோடு வந்த அரபுச் சொற்கள் சோமாலியில் ஏராளம். ஹொதன் அவற்றில் ஒன்று இல்லை.

அடுத்தது உச்சரிப்பு. இதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம், தமிழருக்கு வசதியும் அதிகம். தயவுசெய்து 'ஹோடன்' என்று சொல்லாதீர்கள், உங்கள் மகளையும் சொல்ல விடாதீர்கள். சோமாலியில் நாக்கைப் பல்லில் வைத்துச் சொல்லும் 'த' வேறு, நாக்கை மடித்துச் சொல்லும் 'ட' வேறு. தமிழில் இருப்பதைப் போலவே இரண்டும் தனித்தனி ஒலிகள், மாற்றிச் சொன்னால் பொருளே மாறும். 'தப்' என்றால் நெருப்பு, 'டப்' என்றால் உண்மை. நமக்குக் குழப்பம் வருவது ஆங்கில எழுத்தால். நாம் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதும்போது 'டி-எச்' போட்டால் த, வெறும் 'டி' போட்டால் ட. சோமாலியர் வைத்துக்கொண்டது இதற்கு நேர்மாறு: வெறும் 'டி' என்றால் த, 'டி-எச்' என்றால் ட. உங்கள் பட்டியலில் வெறும் 'டி'தான் இருந்திருக்கும், அதனால் அது த. இன்னொன்று, அவர்கள் நெடில் உயிரை இரண்டு எழுத்துப் போட்டு எழுதுவார்கள். இந்தப் பெயரில் 'ஓ' ஒன்றுதான், 'ஏ' ஒன்றுதான். ஆக இரண்டுமே குறில்: ஹொ-தன். நடுவில் வரும் த கூட, 'அது', 'இதயம்' என்று நாம் சொல்லும்போது மெல்லக் குழைந்து வருகிறதே, அதே மாதிரிதான் வரும். ஆங்கிலம் மட்டும் பேசும் ஆசிரியருக்கு இது சுலபமாக வராது. தமிழ்ப் பிள்ளைக்கு ஒரே தடவையில் வரும்.

என் மேசைக்கு முன்னால் ஒரு முறை ஆறு வயதுப் பிள்ளை ஒன்று நின்றது. நான் பெயரைத் தப்பாக வாசித்தேன். மொழியியல் படித்தும், அன்று காகிதத்தில் இருந்த எழுத்து என்னை ஏமாற்றிவிட்டது. அந்தப் பிள்ளை ஒன்றும் பேசவில்லை. வாயை லேசாகத் திறந்து, நாக்கு நுனியை மேல் பல்லின் பின்னால் வைத்து, விரலால் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டியது. முன்பல் ஒன்று விழுந்திருந்த வாய். மூன்றாம் தடவை நான் சரியாகச் சொன்னதும் தலையை ஆட்டிவிட்டுத் தாயின் பின்னால் போய் நின்றுகொண்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் முதலில் பிள்ளையின் வாயால் சொல்லக் கேட்ட பிறகுதான் எழுதுகிறேன்.

இந்த எழுத்து முறை ஒன்றும் பழையது இல்லை. சோமாலியை எந்த எழுத்தில் எழுதுவது என்று நெடுங்காலம் சண்டை நடந்தது. அரபு எழுத்தா, அவர்களே உருவாக்கிய எழுத்தா, லத்தீன் எழுத்தா என்று இழுபறி. 1972 அக்டோபர் 21 அன்றுதான் லத்தீன் எழுத்து என்று அரசு அறிவித்தது. சோமாலிக்கு வேறு வேலை இல்லாத லத்தீன் எழுத்துகளைத் தொண்டையிலிருந்து வரும் ஒலிகளுக்கு வைத்துக்கொண்டார்கள். 'எக்ஸ்' என்பது ஆழமான ஹ, 'சி' என்பது அரபியின் ஐன். அதனால்தான் ஆயிஷாவைக் குறிக்கும் பெயர் 'சி'யில் தொடங்கும், ஹவ்வாவைக் குறிக்கும் பெயர் 'எக்ஸ்'ஸில் தொடங்கும். வகுப்பில் பெயர் கூப்பிடும் ஆசிரியர் 'காஷா' என்றும் 'ஸாவோ' என்றும் வாசித்து, பிள்ளை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஹொதனில் இருப்பது சாதாரண ஹ, நம் கிரந்த ஹ-வே போதும்.

சரி, வளம் என்று ஏன் பெயர் வைக்கிறார்கள்? இதற்கு அந்த நிலத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆப்பிரிக்காவின் கொம்பு என்று சொல்லும் அந்தப் பகுதியில் பெரும்பாலான நிலம் வறண்ட மேய்ச்சல் காடு. சோமாலியர் தலைமுறை தலைமுறையாக ஒட்டகமும் ஆடும் மேய்த்தவர்கள். நீரும் புல்லும் தேடி வீட்டையே கழற்றி ஒட்டகத்தின் முதுகில் ஏற்றிக்கொண்டு நகர்வார்கள். அந்த வீட்டுக்கு 'அகல்' என்று பெயர். வளைத்த கழிகளும் பாய்களும் வைத்துக் கட்டுவது. கட்டுவதும் பிரிப்பதும் பெண்கள், வீடு பெண்ணுடையது. ஒட்டகம் இளைஞர்கள் பொறுப்பு, செம்மறியும் வெள்ளாடும் பெண்கள் பிள்ளைகள் பொறுப்பு. அவர்கள் மொழியில் 'ஹோலொ' என்ற சொல்லுக்குக் கால்நடை என்றும் பொருள், சொத்து என்றும் பொருள். நமக்கு இது புதிதில்லை. பழந்தமிழில் மாடு என்றாலே செல்வம்தான்.

ஆனால் நாலு காலில் நடக்கும் செல்வம் ஒரே பருவத்தில் போய்விடக்கூடியது. ஏப்ரல் தொடங்கிப் பெய்யும் 'கூ' மழைதான் பெரிய மழை. அக்டோபர் பக்கம் 'தெய்ர்' என்ற சிறு மழை. டிசம்பரிலிருந்து மார்ச் வரை 'ஜிலால்', பொட்டு மழை இல்லாத கோடை. இரண்டு மழை தொடர்ந்து பொய்த்தால் மந்தை சாயும். 1974-75இல் வந்த பஞ்சத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'தபடேர்', நீண்ட வால் உடையது என்று பொருள், முடிவே தெரியாமல் இழுத்துக்கொண்டு போனதால். (ஒரே சொல்லில் த, ட இரண்டும் வருவதைக் கவனியுங்கள்.) பஞ்சத்துக்கே பெயர் வைத்து நினைவில் வைத்திருக்கும் மக்கள், பெண் குழந்தைக்கு 'வளம் உடையவள்' என்று பெயர் வைப்பதை இந்த நிலத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். பாலும் நெய்யும் தட்டாத வீடு, ஜிலால் முடியும்போதும் உயிரோடு நிற்கும் ஆடுகள், விருந்தாளி வந்தால் தயங்காமல் அறுக்கக்கூடிய நிலை. பேத்தியைப் பள்ளியில் சேர்க்க வந்த ஒரு பாட்டியிடம் இந்தப் பெயரைப் பற்றிக் கேட்டபோது, அவர் இரண்டு கைகளையும் குவித்து, பால் நிரம்பிய பாத்திரத்தை ஏந்துவதுபோல் காட்டினார். எந்த அகராதியிலும் இதைவிட நல்ல விளக்கத்தை நான் பார்க்கவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும். "பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டார் ஒட்டகம் பரிசமாகக் கொடுப்பார்கள், பெண் பிறந்தால் சொத்து வரும், அதனால்தான் ஹொதன்" என்று ஒரு விளக்கம் சொல்லக் கேட்டிருக்கிறேன். பரிசம் உண்மை, அதற்கு 'யரத்' என்று பெயர், பெண் வீட்டாருக்குப் போகும். பெண்ணின் கையில் சேர வேண்டிய மஹர் அதற்குத் தனி. ஆனால் பெயரை யரத்தோடு முடிச்சுப் போட்ட ஒரு சோமாலியக் குடும்பத்தையும் நான் பார்த்ததில்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கட்டிய விளக்கம் என்றே நினைக்கிறேன். அதை உறுதியான தகவலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பக்கத்தில் வேறு பெயர்களையும் வைத்துப் பார்த்தால் ஹொதனின் இடம் தெளிவாகும். சோமாலியப் பெண் பெயர்கள் பெரும்பாலும் இரண்டு ஊற்றிலிருந்து வருகின்றன. ஒன்று அரபு வழி: ஃபாதுமொ, ஆஷா, ஹலீமொ, கதீஜா, மர்யன். ஃபாத்திமா அங்கே ஃபாதுமொ ஆனது, நம் கரையோர ஊர்களில் பாத்துமா ஆனதுபோல. இன்னொன்று மொழியின் சொந்தச் சொற்கள்: உபஹ் என்றால் பூ, லதன் என்றால் நலமாக இருப்பவள், அயான் என்றால் நல்லதிர்ஷ்டம், பர்வாகொ என்றால் மழை பெய்து புல் நிறைந்த செழிப்பு. தேகா என்றால் நிறைவாகக் கிடைத்தது, கொடை. படிப்புக்குத் தரும் உதவித்தொகைக்கும் அதே 'தேக்' என்ற சொல்தான். நம் ஊர் 'போதும்பொண்ணு'வோடு இதைச் சேர்த்துவிடாதீர்கள். ஆண்களுக்கும் இப்படி உண்டு, மழையோடு வந்தவன் ரோப்லெ, நல்ல செய்தி வர்சமெ. ஒரே வீட்டில் அக்கா கதீஜாவாகவும் தங்கை ஹொதனாகவும் இருப்பது சர்வ சாதாரணம். ஒன்று மதம் சார்ந்தது, மற்றது சாராதது என்ற பிளவெல்லாம் அவர்கள் மனதில் இல்லை. குழந்தை பிறந்ததும் ஆடு அறுத்து விருந்து வைக்கும் 'வன்கல்' இரண்டு பெயருக்கும் ஒன்றுதான். வன் என்றால் கிடா, கல் என்றால் அறுத்தல். தாய்க்கு நாற்பது நாள் கழிந்ததும் நடக்கும் 'அஃபர்தன் பஹ்'ஹும் ஒன்றுதான். அஃபர்தன் என்றால் நாற்பது, அதிலிருந்து வெளிவருதல்.

ஹொதன் என்ற பெயரைக் கேட்டதும் சோமாலியர் மனதில் பொருளுக்கு முன்னால் ஒரு கதை வந்து நிற்கும். உங்கள் மகளின் தோழி இன்னும் சின்னப் பிள்ளை, அவளுக்கு இது தெரியாமல் இருக்கலாம். அவள் தாய்க்குக் கட்டாயம் தெரியும். ஏடன் வளைகுடாவின் தென்கரையில் பெர்பெரா என்று ஒரு துறைமுகம். இன்றும் ஹஜ் காலத்தில் அங்கிருந்து சவூதிக்குக் கப்பல் கப்பலாக ஆடுகள் போகின்றன. ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில், மேய்ச்சல் நிலத்திலிருந்து பிழைப்புத் தேடி அந்த ஊருக்கு வந்த ஒருவர் ரொட்டி சுடும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பெயர் இல்மி, மக்கள் வாயில் இல்மி போடரி. அந்தக் கடைக்கு ரொட்டி வாங்க வந்த பெண்தான் ஹொதன். இல்மி அவளைக் காதலித்தார், அவளைப் பாடினார். அவளை அவருக்குக் கொடுக்கவில்லை, வேறொருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். 1940களின் தொடக்கத்தில் இல்மி இறந்துபோனார். காதலால் செத்தவர் என்றுதான் இன்றுவரை அவரைச் சொல்கிறார்கள்.

இதில் எது அன்று அவ்வளவு பெரிய விஷயம் என்பதை விளங்கிக்கொள்ள, சோமாலியக் கவிதை எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டும். எழுத்தே இல்லாத காலத்திலும் அங்கே கவிதை இல்லாமல் எதுவும் நடக்காது. வழக்கு, சண்டை, சமாதானம், ஒட்டகத்தின் அழகு, இன்னொரு குலத்தை இடித்துரைப்பது எல்லாமே கவிதையில். 'கபெய்' என்ற பெரிய வகையில் முதல் வரியில் எந்த எழுத்து மோனையாக வந்ததோ அதே எழுத்து கடைசி வரி வரைக்கும் வர வேண்டும். நாலு அடிக்கு மோனை அமைக்கவே நாம் படும் பாட்டை நினைத்துப் பாருங்கள், அவர்கள் நூறு அடிக்கும் ஒரே மோனையில் போவார்கள். அப்படிப்பட்ட கம்பீரமான வடிவத்தை ஒரு ரொட்டிக்கடைத் தொழிலாளி எடுத்து, கல்யாணமாகாத ஒரு பெண்ணை, ஊரறியப் பெயர் சொல்லிப் பாடினால் அந்த வீட்டுக்கு எப்படி இருக்கும்? நம் அகப்பாட்டு மரபு தலைவியின் பெயரைச் சொல்லவே சொல்லாது. இயற்பெயர் சுட்டக் கூடாது என்பது அங்கே இலக்கணம். அந்தக் கட்டுப்பாட்டின் காரணம் பெர்பெராவில் கண்ணெதிரே நடந்தது. இன்று அந்தப் பாட்டுகளை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். அன்று ஒரு குடும்பத்தின் மானம் தெருவில் பாடப்பட்டது. அந்தப் பெண் என்ன நினைத்தாள் என்பதற்கு யாரும் பாட்டுக் கட்டவில்லை. எனக்கு இந்தக் கதையில் எப்போதும் இடறும் இடம் அதுதான்.

கதையில் உறுதியான எலும்புக்கூடு மேலே சொன்னதுதான். எத்தனை முறை பார்த்துக்கொண்டார்கள், பெண் வீட்டார் என்ன சொன்னார்கள், கடைசி நாளில் என்ன நடந்தது என்பதெல்லாம் சொல்பவருக்குச் சொல்பவர் மாறும். ஒன்று மட்டும் யோசித்தாலே தெளியும். இந்தப் பெயர் அந்தக் கதையால் உண்டானது என்று சிலர் சொல்வது சரியாக இருக்க முடியாது, ரொட்டி வாங்க வந்தபோதே அவள் பெயர் ஹொதன்தானே. கதை அந்தப் பெயருக்கு ஒரு வாசனையைச் சேர்த்தது, பெயர் அதற்கு முன்பிருந்தே இருக்கிறது.

பெயருக்கு வேறு நினைவுகளும் ஒட்டியிருக்கின்றன, அவற்றையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. தலைநகர் மொகதிஷுவில் ஹொதன் என்று ஒரு வட்டாரமே உண்டு. 2017 அக்டோபர் 14 அன்று அங்கேதான் ஒரு சரக்கு வண்டி நிறைய வெடிமருந்தோடு வெடித்து ஐந்நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்புறம் கனடாவில் வளர்ந்த ஹொதன் நாலேயே. 1976இல் லாஸ் அனோதில் பிறந்து, சிறு வயதில் இங்கே வந்து, புலம்பெயர்ந்த சோமாலியருக்காக ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியைத் தொடங்கியவர். போர், பஞ்சம் தவிர எங்கள் நாட்டில் வேறு வாழ்க்கையே இல்லையா என்று திரும்பிப் போய், மீன் பிடிப்பவர்களையும் கடை வைத்திருக்கும் பெண்களையும் படம் எடுத்துக் காட்டினார். 2019 ஜூலை 12 அன்று கிஸ்மாயோவில் ஒரு விடுதி மீது நடந்த தாக்குதலில் கொல்லப்பட்டார். டிக்சன் சாலையில் அந்த வாரம் யாரைப் பார்த்தாலும் கண் சிவந்திருந்தது. அதற்குப் பிறகு பதிவுக்கு வந்த சில ஹொதன்களின் பெற்றோரிடம் நான் பெயரைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. அவரை நினைத்து வைத்திருந்தால் அவர்களே சொல்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

இப்போது கடைசிப் பெயர் விவகாரம். இதில் கவலைப்பட ஒன்றுமே இல்லை. சோமாலியருக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்று கிடையாது. தன் பெயர், அதன்பின் தகப்பன் பெயர், அதன்பின் தகப்பனின் தகப்பன் பெயர். நம் முதலெழுத்து வைக்கும் முறைதான், ஒரு படி கூடுதலாக. உதாரணத்துக்கு ஒரு பிள்ளை ஹொதன் அப்தி வர்சமெ என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் தகப்பன் அப்தி வர்சமெ ரோப்லெ. தாய் கல்யாணத்துக்குப் பிறகும் பெயரை மாற்றுவதில்லை, அவர் தன் தகப்பனின் மகளாகவே இருப்பார், ஃபாதுமொ ஹசன் நூர் என்று. இதைக் கனடியப் படிவத்தில் போட்டால் ஒரே வீட்டில் கடைசிப் பெயர் மூன்று: வர்சமெ, ரோப்லெ, நூர். யாரும் யாரையும் பிரியவில்லை, யாருக்கும் இரண்டாம் கல்யாணம் இல்லை. எல்லோரும் ஒரே சமையலறையில் சாப்பிடுகிறார்கள். இது புரியாமல் ஓர் அலுவலகத்தில் ஒரு தாயிடம் "இது உங்கள் சொந்தப் பிள்ளைதான் என்பதற்கு என்ன ஆதாரம்" என்று கேட்டு மூன்று முறை அலைய வைத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கடைசியில் நம் வீட்டு உதாரணத்தைச் சொல்லித்தான் அந்த அலுவலருக்கு விளங்க வைத்தேன். என் தகப்பன் பெயர் எனக்குக் கடைசிப் பெயர், என் பெயர் என் மகளுக்குக் கடைசிப் பெயர் என்று.

அந்தப் பெயர் வரிசை மூன்றோடு நிற்பதில்லை. தகப்பன், அவர் தகப்பன், அவர் தகப்பன் என்று பத்து இருபது தலைமுறை ஏறிப்போகும். அதற்கு 'அப்திர்சீன்யொ' என்று பெயர். சின்ன வயதிலேயே மனப்பாடமாகச் சொல்லிக்கொடுப்பார்கள், பெண் பிள்ளைகளுக்கும்தான். அந்த வரிசைதான் ஒருவர் எந்தக் குலம் என்பதைக் காட்டிக்கொடுக்கும். 1991 ஜனவரியில் அரசு விழுந்தபிறகு அந்தக் குலப் பெயராலேயே மனிதர்கள் வீதியில் மறிக்கப்பட்டார்கள், கொல்லப்பட்டார்கள். அதனால் பள்ளி வாசலில் நின்றுகொண்டு "நீங்கள் எந்தக் குலம்" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நம்மிடம் ஒரு புதியவர் வந்து சாதி கேட்டால் எப்படி இருக்குமோ, அதைவிட வலிக்கக்கூடிய கேள்வி அது. பெயரின் பொருளைக் கேளுங்கள், முகம் மலரும். பெயர் வரிசையைக் கிளற வேண்டாம்.

அழைப்பிதழில் வெறும் 'ஹொதன்' என்று எழுதினால் போதும், ஆங்கிலத்தில் அந்தப் பிள்ளை தன் நோட்டுப் புத்தகத்தில் எப்படி எழுதுகிறாளோ அப்படியே. கடைசிப் பெயர் தேவையில்லை. தாயைக் 'கணவரின் கடைசிப் பெயர் போட்டுத் திருமதி' என்று எழுதினால் அது அவருடைய மாமனாரின் தகப்பன் பெயரால் அவரைக் கூப்பிடுவதாகிவிடும். அவர் சொந்தப் பெயரைக் கேட்டு எழுதுங்கள். சாப்பாடு ஹலால் என்று ஒரு வரி சேர்த்தால் அவருக்கு நிம்மதி. கேக்கில் ஜெலட்டின் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சில வீடுகளில் மார்க்கக் காரணத்தால் பிறந்தநாள் கொண்டாடுவதில்லை, வேறு சில வீடுகளில் மெழுகுவத்தி அணைத்துக் கொண்டாடுவார்கள். வரவில்லை என்றால் அதை நட்பின் குறையாக எடுத்துக்கொள்ளாமல் வேறொரு நாள் விளையாடக் கூப்பிடுங்கள்.

கடைசியாக அந்த 'ஹோயோ'. அது செல்லப் பெயர் இல்லை. ஹோயொ என்றால் அம்மா. மகள் தாயைக் கூப்பிடும் சொல் அதுதான், தாயும் திருப்பி மகளை அதே சொல்லால் கூப்பிடுவார். நமக்கும் இது பழக்கம்தானே, "வாம்மா, சாப்பிடும்மா" என்று மகளிடம் சொல்கிறோம். அவர்கள் இதை எல்லா உறவுக்கும் கொண்டுபோய்விட்டார்கள். தகப்பன் பிள்ளையைத் தகப்பன் சொல்லாலேயே கூப்பிடுவார், மாமன் மருமகனை மாமன் சொல்லாலேயே. உறவுச் சொற்களும் நம்மைப் போலவே தாய் வழி வேறு, தகப்பன் வழி வேறு. சித்தப்பாவும் பெரியப்பாவும் 'அதேர்', தாய்மாமன் 'அப்தி', அத்தை 'ஏத்தொ' (நம் அத்தையோடு ஒலி சேர்வது தற்செயல், உறவு ஏதும் இல்லை), தாயின் சகோதரி 'ஹபர்யர்'. ஹபர் என்றால் பழைய வழக்கில் தாய், யர் என்றால் சின்ன, ஆக எழுத்துக்கு எழுத்து நம் சின்னம்மா. தோழியின் தாயைப் பிள்ளைகள் ஏத்தொ என்றோ ஹபர்யர் என்றோ கூப்பிடுவார்கள். உங்கள் மகள் ஒருநாள் ஹபர்யர் என்று கூப்பிட்டால், ஹொதனின் அம்மாவும் திரும்பி அவளை "ஹபர்யர், இங்கே வா" என்றுதான் கூப்பிடுவார். "சின்னம்மா ஏன் என்னைச் சின்னம்மா என்கிறார்" என்று அவள் வீட்டுக்கு வந்து கேட்டால், என்ன சொல்ல வேண்டும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.